மின்னஞ்சல் இணைப்புகளும் கிளவுட் சேமிப்பகமும்: ஆவணம் யார் பொறுப்பில் இருக்கிறது?

கூகுள் கணக்கின் சேமிப்பிடம் நிரம்பப்போகிறது என்ற எச்சரிக்கை வந்ததும் பெரும்பாலானோர் முதலில் புகைப்படங்களையும் வீடியோக்களையும் நீக்கத் தொடங்குகிறார்கள். அஞ்சல்பெட்டியின் அடியில் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடக்கும் இணைப்புகளை, அதாவது அஞ்சலுடன் சேர்த்து அனுப்பப்படும் கோப்புகளை (அட்டாச்மென்ட்), யாரும் எளிதில் தொடுவதில்லை. அவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று உடனே சொல்ல முடியாது என்பதே காரணம். வங்கிக் கணக்கு அறிக்கை, படிவம் 16, காப்பீட்டு பாலிசி, பணி நியமன ஆணை, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் பிரதி, ரத்தப் பரிசோதனை அறிக்கை என்று ஒரு குடும்பத்தின் முக்கியமான தாள்கள் பலவும் இன்று பீரோவுக்குப் போவதில்லை. மின்னஞ்சல் இணைப்பாக வந்து, வந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. மின்னஞ்சலோ செய்தியைக் கொண்டுசேர்ப்பதற்காக உருவான அமைப்பு. ஆவணங்களை வகைப்படுத்தி வைத்திருந்து, கேட்கும்போது எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு அது வடிவமைக்கப்படவில்லை. அந்த வேலைக்கென்றே கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற கிளவுட் சேமிப்பகங்கள் வந்துவிட்ட பிறகும், அஞ்சல்பெட்டியிலிருந்து அங்கே ஒரு கோப்பு போகும்போது என்ன நிகழ்கிறது என்பது பலருக்குத் தெளிவாகவில்லை. ஒரு கோப்பு இப்போது யாருடைய கணக்கில், யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வியை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொண்டால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி விலகிவிடும் என்று கருதுகிறேன்.

இணைப்பு ஏன் அஞ்சலை விட்டுப் பிரிய மறுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது எவ்வாறு அஞ்சலுக்குள் நுழைந்தது என்று பார்க்க வேண்டும். ஜான் போஸ்டெல் 1982 ஆகஸ்டில் வெளியிட்ட, மின்னஞ்சலை அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறை, ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் அடங்கிய உரையை மட்டுமே கடத்தக்கூடியதாக இருந்தது. படம், ஒலி, தமிழ் எழுத்து ஆகிய எதற்கும் அதில் இடமில்லை. நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் உருவாக்கி 1992 ஜூனில் வெளியான மைம் தரநிலை இந்தத் தடையை உடைக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழியைக் கண்டுபிடித்தது. எந்தக் கோப்பையும் பேஸ்64 என்னும் முறைப்படி வெறும் எழுத்துகளாக மாற்றி, செய்தியின் உடலுக்குள்ளேயே ஒரு பகுதியாக வைத்து அனுப்புவதே அந்த வழி. கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாறுவதால், இடையிடையே வரும் வரிமுறிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், அளவு ஏறக்குறைய 37 விழுக்காடு பெருகிவிடுகிறது. மாற்றிய பிறகான அளவைக் கணக்கிடும் ஒரு சர்வர் 25 எம்பி வரை ஏற்றுக்கொள்ளும் என்றால், 20 எம்பி கோப்பைக்கூட அது திருப்பி அனுப்பிவிடும்.

நாம் திரையில் ஒரு தனிக் கோப்பாகப் பார்க்கும் இணைப்பு, உண்மையில் அந்த அஞ்சலின் உடலில் தைக்கப்பட்டிருக்கும் ஒரு நீண்ட எழுத்துத் தொடர். இதனால்தான் ஜிமெயிலின் இணையப் பக்கத்தில், கடிதத்தை வைத்துக்கொண்டு இணைப்பை மட்டும் நீக்கும் வசதி இல்லை. தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களில் அது இயலும் என்றாலும், அவையும் இணைப்பில்லாத புதிய அஞ்சல் ஒன்றை எழுதிவைத்துவிட்டுப் பழையதை நீக்கும் வழியையே பின்பற்றுகின்றன. ஒரே இணைப்பை மூன்று முறை ஃபார்வர்ட் செய்தால் அந்தக் கோப்பு மீண்டும் மீண்டும் முழுமையாகச் சேமிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக இடத்தைப் பிடிக்கும். பதில் அனுப்பும்போது இணைப்பு உடன் செல்வதில்லை. ஃபார்வர்ட் செய்யும்போது செல்கிறது. அலுவலகக் கடிதப் போக்குவரத்தில் அஞ்சல்பெட்டிகள் வீங்குவதற்கு இந்தச் சிறிய வேறுபாடு பெரிய காரணம்.

அஞ்சல்பெட்டியைப் பெட்டகமாகக் கருதும் வழக்கத்துக்கு ஒரு தொடக்க நாள் உண்டு. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் 1 ஜிபி இடத்துடன் ஜிமெயிலை அறிவித்தபோது, ஹாட்மெயில் 2 எம்பியும் யாகூ 4 எம்பியும் மட்டுமே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. அதுவரை படித்த கடிதத்தை நீக்கியாக வேண்டிய நெருக்கடியில் இருந்தவர்கள், இனி எதையும் நீக்கத் தேவையில்லை, தேடினால் கிடைத்துவிடும் என்ற பழக்கத்துக்கு மாறினார்கள். பழக்கம் நிலைத்துவிட்டது, அதைத் தாங்கிய சூழ்நிலைதான் மாறிவிட்டது. 2013இல் ஜிமெயில், டிரைவ், புகைப்படங்கள் ஆகிய மூன்றும் ஒரே 15 ஜிபி இடத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி இணைக்கப்பட்டன. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றப்படும் புகைப்படங்கள் அனைத்தும் அந்தக் கணக்கில் சேரத் தொடங்கின. ஆண்ட்ராய்டு கைபேசியின் வாட்ஸ்அப் காப்பு நகலும் பின்னர் அதே 15 ஜிபிக்குள் கொண்டுவரப்பட்டது. குடும்பக் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் வருமான வரிக் கோப்புகளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் நிலை இப்படித்தான் உருவானது. மைக்ரோசாஃப்டும் 2023 பிப்ரவரி முதல் அவுட்லுக்.காம் அஞ்சல்களின் இணைப்புகளை 5 ஜிபி இலவச கிளவுட் இடத்தின் கணக்கில் சேர்த்துவருகிறது. இடம் நிரம்பினால் கூகுள் கணக்கில் புதிய அஞ்சல் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. வங்கியிலிருந்தோ நேர்முகத் தேர்வுக்கு அழைத்த நிறுவனத்திலிருந்தோ வரும் கடிதம் நமக்குத் தெரியாமலேயே திரும்பிப் போய்விடும் என்பதால், இதை வெறும் இடப் பற்றாக்குறையாகக் கருத முடியாது.

ஜிமெயிலில் இணைப்பின் மீது தோன்றும் டிரைவ் குறியை அழுத்தினால் அந்தக் கோப்பின் தனி நகல் ஒன்று டிரைவில் உருவாகிறது. அதன் பிறகு அந்த நகலுக்கும் அஞ்சலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒன்றை நீக்கினால் மற்றொன்று அப்படியே இருக்கும். பலர் கவனிக்கத் தவறுவது இதன் மறுபக்கத்தை: இரண்டும் ஒரே 15 ஜிபிக்குள் இருப்பதால், டிரைவில் சேமித்தது இடத்தை மிச்சப்படுத்தாமல், அதே ஆவணத்துக்கு இருமடங்கு இடத்தை எடுத்துக்கொள்கிறது. அஞ்சலை நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்த பிறகே இடம் திரும்பக் கிடைக்கும். தொட்டியில் இருக்கும் 30 நாளும் அது கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். எங்கிருந்து தொடங்குவது என்று திகைப்பவர்கள், ஜிமெயில் தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள வடிகட்டியைத் திறந்து, இணைப்பு உள்ளவை, 10 எம்பிக்கு மேற்பட்டவை என்ற இரண்டு நிபந்தனைகளை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலான கணக்குகளில் இடத்தை விழுங்கியிருப்பவை சில நூறு அஞ்சல்கள்தாம். ஆயிரக்கணக்கான சிறிய கடிதங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

எந்த அஞ்சலை நீக்கலாம் என்பதில் சற்று நிதானம் வேண்டும். இணைப்பைப் பிரித்தெடுக்கும்போது கோப்பு மட்டுமே நம்முடன் வருகிறது. அதை அனுப்பியவர் யார், எந்த நாளில் அனுப்பினார், எந்தக் கேள்விக்குப் பதிலாக அனுப்பினார் என்ற விவரங்கள் அஞ்சலிலேயே நின்றுவிடுகின்றன. விடுமுறைப் படங்களுக்கு இது பொருட்டல்ல. வாடகை ஒப்பந்தம், விலைப்புள்ளி, பணி நியமன ஆணை, காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் ஆகியவற்றில் அந்த விவரங்களே பாதி ஆவணம். அஞ்சல் அனுப்பிய நிறுவனத்தின் சர்வர் பெரும்பாலும் டிகிம் என்னும் கையொப்பத்தைத் தலைப்பில் சேர்த்து அனுப்புகிறது. அது இணைப்பு உட்பட அஞ்சலின் உடல் வழியில் மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவுகிறது. இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு அஞ்சலை அழித்தவர் இந்தச் சாட்சியத்தை இழந்துவிடுகிறார். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்னும் சான்றுச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக முன்வைக்கும்போது தர வேண்டிய சான்றிதழில் அந்தப் பதிவின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அதன் எண்வழி அடையாளத்தையும், குறிப்பிடச் சொல்கிறது. ஆகவே பின்னாளில் தகராறு எழக்கூடிய எந்தக் கடிதத்தையும் ஜிமெயிலின் மூன்று புள்ளிப் பட்டியல் வழியாக முழு அஞ்சலாகவே தரவிறக்கி, அந்தக் கோப்பை இணைப்புக்குப் பக்கத்திலேயே டிரைவில் போட்டுவைப்பது நல்லது. அஞ்சலைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைப்பது இதற்கு ஈடாகாது.

அடுத்தது லிங்க். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சேர்க்க முயன்றால் அது தானாகவே டிரைவில் ஏற்றப்பட்டு, அதற்கான லிங்க் மட்டும் அஞ்சலில் செல்கிறது. பெறுபவரின் திரையில் இதுவும் ஏறக்குறைய இணைப்பைப் போலவே தோன்றுவதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். இணைப்பு நம்மிடம் வந்துவிட்ட நகல். அனுப்பியவர் நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. லிங்க்கோ அனுப்பியவரின் கணக்கில் இருக்கும் கோப்பைப் பார்ப்பதற்கான அனுமதி. அவர் அந்தக் கோப்பை நீக்கினால், அனுமதியை விலக்கினால், வேலையை விட்டுப் போனதால் அவருடைய அலுவலகக் கணக்கே மூடப்பட்டால், நம்மிடம் எஞ்சுவது திறக்காத ஒரு முகவரி மட்டுமே. அவர் கோப்பைத் திருத்தினால் நாம் அடுத்த முறை பார்ப்பது திருத்திய வடிவத்தை. முதலில் எது அனுப்பப்பட்டது என்று காட்ட நம்மிடம் எதுவும் இருக்காது. டிரைவில் நமக்குப் பகிரப்பட்டவை என்ற பகுதியில் அது தெரிவதாலும், அதற்குக் குறுக்குவழி ஒன்றை நம் கோப்புறையில் வைத்துக்கொள்ள முடிவதாலும் அது நம்முடையதாகிவிடுவதில்லை. தரவிறக்கினாலோ நகல் எடுக்கும் கட்டளையைக் கொடுத்தாலோ மட்டுமே கோப்பு நம் கணக்கில் சேரும். ஆப்பிளின் மெயில் டிராப் வசதியில் 5 ஜிபி வரை அனுப்பலாம் என்றாலும், அந்த லிங்க் 30 நாளுக்கு மட்டுமே உயிருடன் இருக்கும். திருமணப் படங்களையும் கட்டட வரைபடங்களையும் இப்படிப் பெற்றுக்கொண்டு, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுபவர்களுக்கு இந்தக் கெடு தெரிந்திருக்க வேண்டும்.

அனுப்புபவர் பக்கத்திலும் இதே அளவு கவனம் தேவை. லிங்க் இருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அனுமதியுடன் அனுப்பப்பட்ட ஆதார் பிரதி, அந்த அஞ்சல் ஃபார்வர்ட் ஆகிச் செல்லும் ஒவ்வொரு இடத்திலும் திறக்கும். வேலை முடிந்த பிறகு அந்த அனுமதியை விலக்கும் வாய்ப்பு லிங்க்கில் இருக்கிறது, இணைப்பில் இல்லை. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாதவர் லிங்க்கின் நன்மையைக் கைவிட்டு அதன் ஆபத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறார். முக்கியமான ஆவணத்தைக் குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் பகிர்வதற்குக் கூடுதலாக ஆகும் சில நொடிகளை யாரும் மிச்சப்படுத்த வேண்டாம்.

இந்தியாவில் வரும் பிடிஎஃப் இணைப்புகளில் தனியாகக் கவனிக்க வேண்டிய இரண்டு தன்மைகள் உண்டு. முதலாவது, மின்னணுக் கையொப்பம். இ-ஆதாரும் பல நிறுவனங்கள் அனுப்பும் படிவம் 16ம் கோப்புக்குள்ளேயே கையொப்பமிடப்பட்டு வருகின்றன. கடவுச்சொல் தொல்லையாக இருக்கிறது என்று அந்தக் கோப்பைத் திறந்து, அச்சிடும் கட்டளை வழியாக வேறொரு பிடிஎஃப் ஆக மாற்றிச் சேமித்தால், பார்ப்பதற்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் கையொப்பம் போய்விட்டிருக்கும். வந்த கோப்பை வந்தபடியே வைத்துக்கொள்ள வேண்டும்; வசதிக்கு ஒரு நகல் தேவையென்றால் அதைத் தனியாக உருவாக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, அந்தக் கடவுச்சொற்களின் பலவீனம். இ-ஆதாரின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. பல வங்கி அறிக்கைகளும் பெயர், பிறந்த நாள், பான் எண் ஆகியவற்றைக் கொண்டே பூட்டப்படுகின்றன. கணக்குக்குள் நுழைந்துவிட்ட ஒருவருக்கு அந்த விவரங்கள் அனைத்தும் பக்கத்து அஞ்சலிலேயே கிடைத்துவிடும். உண்மையான காவல் கணக்கின் வாசலில்தான் இருக்க வேண்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு கூகுள் கணக்கில் குடும்பத்தின் ஆவணங்கள் அனைத்தையும் சேர்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவனமே படிக்க முடியாதபடி வைக்க விரும்புபவர்கள், கிரிப்டோமேட்டர் போன்ற கட்டற்ற மென்பொருளால் ஒரு கோப்புறையைக் குறியாக்கம் செய்து, பிறகு கிளவுடில் ஏற்றலாம். அதன் கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் தொலைத்தால் மீட்டுத்தர யாராலும் முடியாது என்பதை ஏற்றுக்கொண்டே செய்ய வேண்டும்.

மத்திய அரசின் டிஜிலாக்கர் 2015 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. அதில் துறைகள் நேரடியாக வழங்கும் சான்றிதழ்கள் மூலத்துக்கு நிகரானவை என்று 2016ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அங்கே கிடைக்கும் ஓட்டுநர் உரிமத்தையோ மதிப்பெண் சான்றிதழையோ அஞ்சலில் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் நாமே அங்கே ஏற்றும் ஸ்கேன் பிரதிக்கு அந்த மதிப்பு கிடையாது.

கடவுச்சொல் பூட்டு இன்னொரு சிக்கலையும் உருவாக்குகிறது. டிரைவ், பிடிஎஃப்களின் உள்ளே இருக்கும் சொற்களையும், படங்களில் தெரியும் எழுத்துகளையும்கூடத் தேடித்தரும் ஆற்றல் கொண்டது. பூட்டிய கோப்பின் உள்ளடக்கத்தை அதனால் படிக்க முடியாது என்பதால், அத்தகைய கோப்புக்கு அதன் பெயர் மட்டுமே கைப்பிடி. வங்கிகளிலிருந்து வரும் இணைப்புகளோ நீண்ட எண் தொடரைப் பெயராகக் கொண்டு வருகின்றன; ஐந்து ஆண்டு அறிக்கைகளை அப்படியே ஒரு கோப்புறையில் கொட்டினால் மார்ச் மாதத்து அறிக்கை எதுவென்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். சேமிக்கும் நேரத்திலேயே பெயரை மாற்றிவிடுவது இந்தத் துறையில் நான் அறிந்த மிகப் பயனுள்ள பழக்கம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முதலில் வைத்து, பிறகு அனுப்பியவரையும் ஆவணத்தின் வகையையும் சேர்த்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். கோப்புறைகள் ஆழமாகப் போக வேண்டியதில்லை. வரி, வீடு, மருத்துவம், கல்வி, வேலை என்ற ஐந்தாறு போதும்.

தமிழில் பெயரிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் கணினிகளிலும் பல ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. மெய்யும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், நீளமான தமிழ்ப் பெயர் நாம் எதிர்பார்ப்பதற்கு முன்பே எல்லையைத் தொட்டுவிடும். மேலும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை இரண்டாவது வடிவத்தில் சேமித்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் சில மென்பொருள்களின் தேடலில் வெவ்வேறாகிப் போவதற்கு இது ஒரு காரணம். தமிழ்ப் பெயரைக் கைவிட வேண்டியதில்லை. சுருக்கமாக வைத்து, எண்களால் ஆன தேதியை முன்னால் போட்டுக்கொண்டால் போதும்.

இவை அனைத்தையும் தானாகச் செய்யும் கருவிகளும் உண்டு. மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட், அலுவலக அஞ்சலில் வரும் இணைப்புகளை ஒன்டிரைவுக்கு அனுப்பும் ஆயத்த வடிவத்தைத் தருகிறது. ஜிமெயிலில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மூலம் ஒரு சிறு நிரல் எழுதி, குறிப்பிட்ட லேபிள் உள்ள அஞ்சல்களின் இணைப்புகளை மட்டும் டிரைவுக்கு நகலெடுக்கலாம். லேபிள் இல்லாமல் எல்லா அஞ்சலுக்கும் அதைத் திறந்துவிட்டால், கடிதத்தின் அடியில் நிறுவனங்கள் வைக்கும் சின்னப் படங்கள் எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக வந்து நிறைந்துவிடும். மூன்றாம் நிறுவனங்களின் கருவிகளைப் பயன்படுத்தும்போது, முழு அஞ்சல்பெட்டியையும் படிக்கும் அனுமதியை அவற்றுக்குக் கொடுக்கிறோம் என்பதை மறக்கலாகாது. இந்த அனுமதிகளுக்கான விதிகளை கூகுள் கடுமையாக்கியதை அடுத்து, 2019 மார்ச் முடிவில், வெவ்வேறு செயலிகளைத் தானாக இணைத்து இயக்கும் இஃப்ட் (IFTTT) சேவை, அஞ்சல் வந்ததும் வேலையைத் தொடங்கிவைக்கும் தன் ஜிமெயில் தூண்டிகளை விலக்கிக்கொண்டது. அதை நம்பி அமைத்திருந்த தானியங்கி ஏற்பாடுகள் அத்துடன் நின்றுபோயின. என் கருத்தில், மாதம் சில பத்து ஆவணங்களே வரும் ஒரு குடும்பத்துக்குக் கையால் சேமிப்பதே மேல், ஏனெனில் பெயரிடும்போதுதான் எது தேவை என்ற முடிவும் எடுக்கப்படுகிறது.

கிளவுடில் இருப்பதாலேயே ஒரு கோப்புக்குக் காப்பு நகல் இருப்பதாக எண்ணுவது பரவலான பிழை. டிரைவ் மென்பொருளைக் கணினியில் நிறுவியிருந்தால், ஒரு பக்கம் நீக்கியது மறுபக்கமும் நீங்கும். 2020 அக்டோபர் முதல் டிரைவின் குப்பைத் தொட்டியும் 30 நாளில் தானாகக் காலியாகிறது. கோப்புகளைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கிக்கொள்ளும் முறையில் அந்த மென்பொருள் இயங்கினால், கணினியில் தெரியும் கோப்புகளில் பல அங்கே இருப்பதே இல்லை. அந்த வன்தட்டை நகலெடுத்தாலும் அவை வராது. கணக்கில் உள்ளவற்றை மொத்தமாகத் தரவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் மூலம் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு நகலை எடுத்து ஒரு வெளி வன்தட்டில் வைப்பதே நம்பகமான வழி. கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த கணக்கில் இருப்பவற்றுக்கு இது இன்னும் அவசரமானது. அந்தக் கணக்கின் உரிமை நிறுவனத்துடையது. படிப்போ பணியோ முடிந்ததும் அது மூடப்படலாம். ஆராய்ச்சிக் கட்டுரையின் வரைவுகளையும் சம்பளச் சீட்டுகளையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியேறியவருக்கு அவற்றைத் திரும்பக் கேட்கப் பெரும்பாலும் வழி இருப்பதில்லை.

தனிப்பட்ட கணக்கும் கவனிப்பாரற்றுப் போகலாம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. கணக்கின் உரிமையாளர் இறந்துபோனாலோ நீண்ட நாள் படுக்கையில் விழுந்தாலோ, காப்பீட்டு பாலிசியும் வைப்பு நிதி ரசீதும் அந்தக் கணக்குக்குள் இருப்பது குடும்பத்துக்குத் தெரியாமலேயே போய்விடக்கூடும். இதற்கென்று செயல்படாக் கணக்கு மேலாளர் என்னும் அமைப்பு 2013 முதல் கூகுளில் இருக்கிறது. 3, 6, 12, 18 மாதங்களில் ஏதேனும் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தால், அதுவரை கணக்கில் எந்த அசைவும் இல்லாத நிலையில், நாம் குறிப்பிட்டவர்களுக்குத் தகவல் போகும். 10 பேர் வரை குறிப்பிடலாம். ஒவ்வொருவருக்கும் எந்தச் சேவையின் தரவு கிடைக்க வேண்டும் என்பதையும் தனித்தனியாக முடிவு செய்யலாம். ஆவணங்கள் எல்லாம் அஞ்சல்பெட்டிக்குள்ளேயே கிடந்தால், அவற்றைக் கொடுப்பதற்கு நம் வாழ்நாள் கடிதங்கள் அனைத்தையும் திறந்துவிட வேண்டியிருக்கும். டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தால் டிரைவை மட்டும் மனைவிக்கோ கணவருக்கோ மகளுக்கோ ஒதுக்கிவிட்டு, அஞ்சலைப் பூட்டியபடியே வைக்கலாம். அவர்களுடைய கைபேசி எண்ணை அந்த அமைப்பில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். எண் மாறும்போது அங்கேயும் திருத்த வேண்டும்.